குரூப்பா ஒரு நாள் யாட் எடுக்கணுமா? எல்லாரும் கேக்குற கேள்விகளும் என் பதில்களும்

ஃப்ரெண்ட்ஸோட, ஆபீஸ் டீமோட, ஒரு தடவை மொத்த குடும்பத்தோடன்னு இதுவரைக்கும் ஏழெட்டு தடவை படகு புக் பண்ற வேலை என் தலையிலதான் விழுந்திருக்கு. ஒவ்வொரு தடவையும் வாட்ஸ்அப் குரூப்ல அதே கேள்விங்க. டைப் பண்ணி டைப் பண்ணி அலுத்துப்போய் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடலாம்னு உக்காந்துட்டேன். நான் கேப்டன் இல்ல, படகு ஓனரும் இல்ல, காசு குடுத்து ஏறுற ஆளுதான். ரெண்டு தடவை நல்லா ஏமாந்தும் இருக்கேன், அந்த அனுபவமும் இதுல இருக்கு.

யாட்னா பெரிய பணக்காரங்க சமாச்சாரம் ஆச்சே, நமக்கு கட்டுப்படியாகுமா?

பேரைக் கேட்டுத்தான் எல்லாரும் பயப்படறாங்க. டச்சு மொழில வேட்டைன்னு அர்த்தம் வர்ற சொல்லுல இருந்து வந்த பேரு அது, துரத்திப் பிடிக்கறதுக்குன்னு கட்டின வேகமான படகுங்களுக்கு வச்சது. இன்னைக்கு 30 அடி படகையும் யாட்னுதான் சொல்றாங்க, 300 அடி மாளிகையையும் யாட்னுதான் சொல்றாங்க. நாம எடுக்கப்போறது பெரும்பாலும் 35ல இருந்து 50 அடிக்குள்ள. மொத்த வாடகைய பார்த்தா மலைப்பா இருக்கும், ஆனா பத்து பேரால வகுத்து பாருங்க. வார நாள்ல, சீசன் இல்லாத மாசத்துல எடுத்தா இன்னும் குறையும். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, அரை நாள் எடுத்தா பாதி காசுதான்னு நினைக்காதீங்க, படக ரெடி பண்றது, கழுவுறது, ஆள் சம்பளம் எல்லாம் அரை நாளுக்கும் முழு நாளுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்.

எந்த மாதிரி படகு எடுக்கறது?

மூணு வகைன்னு வச்சுக்கலாம். ஒத்தை உடம்பு பாய்மரப் படகு, மோட்டார் யாட், அப்புறம் கேட்டமரான். கேட்டமரான்ங்கிற வார்த்தையே நம்ம கட்டுமரம்தான், வெள்ளைக்காரன் வாயில போய் திரும்பி வந்திருக்கு. என்ன, நம்ம கட்டுமரம் கட்டைங்கள சேர்த்து கட்டினது, இது ரெண்டு ஒல்லியான படக பக்கத்து பக்கத்துல வச்சு நடுவுல தளம் போட்டது.

குரூப்பா போறதுக்கு என் ஓட்டு கேட்டமரானுக்குத்தான். அகலமா இருக்கும், பெருசா சாயாது, முன்னாடி வலை கட்டியிருப்பாங்க அதுல படுத்துக்கலாம், பெரியவங்க நிழல்ல உக்கார இடம் இருக்கும், ஒருத்தர் மேல ஒருத்தர் முட்டிக்க வேண்டியதில்ல. ஒத்தை உடம்பு பாய்மரப் படகுல போற சுகமே வேற, எஞ்சின அணைச்ச உடனே வர்ற அந்த அமைதிய எழுதி புரியவைக்க முடியாது, ஆனா காத்து பிடிச்சா படகு 15, 20 டிகிரி சாயும். அது சாயத்தான் கட்டினது, அடியில கீல்னு துடுப்பு மாதிரி தண்ணிக்குள்ள நீட்டிக்கிட்டு இருக்கிற பகுதில கனமான எடை தொங்குது, அதெல்லாம் சரி, முதல் தடவை வர்ற உங்க அத்தைகிட்ட இத சொல்லி பாருங்க. மோட்டார் யாட்டு வேகம், ஜோரா இருக்கும், போட்டோவுக்கு நல்லது, ஆனா எரிபொருள் குடிக்கும், அலை இருந்தா தட்டு தட்டுன்னு தட்டும்.

நாங்க 14 பேர், 12 பேர் படகுதான் கிடைக்குது, கொஞ்சம் நெருக்கி உக்காந்துக்கலாமா?

முடியாது. இது பஸ் இல்ல. சோலாஸ்னு 1974ல போட்ட சர்வதேச ஒப்பந்தம் ஒண்ணு இருக்கு, கப்பல் பாதுகாப்புக்கானது. அதுல 12 பயணிகளுக்கு மேல ஏத்தினா அது பயணிகள் கப்பல், அதுக்கு ரூல்ஸே வேற லெவல். நிறைய நாடுங்க உள்ளூர் சட்டத்துலயும் அதே 12ஐ பிடிச்சு வச்சிருக்காங்க. அதனாலதான் பிரம்மாண்டமான யாட் கூட 12 கெஸ்ட்டுன்னு போட்டிருக்கும், இடம் பத்தாம இல்ல. அதுக்கு மேல ஆள் இருந்தா பயணிகள் லைசென்ஸ் உள்ள படகு தேடணும், இல்லன்னா ரெண்டு படகு எடுத்து பக்கத்து பக்கத்துல நங்கூரம் போடணும், நாங்க ஒரு தடவை அப்படித்தான் பண்ணோம், நல்லாவே இருந்துச்சு.

குழந்தைங்களும் கணக்குல வருவாங்க. அந்த ஒப்பந்தத்துல ஒரு வயசு ஆகாத கைக்குழந்தை மட்டும்தான் பயணி இல்ல. எங்க டீம்ல ஒருத்தர் அஞ்சு வயசு பையனையும் அவனோட அக்காவையும் சொல்லாம கொள்ளாம கூட்டிட்டு வந்துட்டாரு, குட்டிப் பசங்க தானேன்னு. கேப்டன் படகுல ஏறுற பலகைய எடுத்து வைக்காம ஒவ்வொரு தலையா எண்ணிட்டு 14ன்னு சொல்லிட்டு அப்படியே நின்னுட்டாரு. கத்தல, திட்டல, சும்மா நின்னாரு. கடைசில ரெண்டு பெரியவங்க கரையிலேயே தங்கினாங்க, குரூப்ல இன்னைக்கு வரைக்கும் அந்த பேச்சு ஓயல. ஆள் எண்ணிக்கைய ஒரு வாரம் முன்னாடியே பேரோட ஃபைனல் பண்ணிடுங்க.

கேப்டன் இல்லாம நாமளே ஓட்டலாமா?

அதுக்கு பேர்போட் சார்ட்டர்னு பேரு, வெறும் படக மட்டும் குடுப்பாங்க. அதுக்கு லைசென்ஸ் கேப்பாங்க, பல இடத்துல ஐசிசின்னு ஒரு சர்வதேச தகுதிச் சான்றிதழ், கூடவே முன்ன எங்க ஓட்டின அனுபவம்னு ஒரு பட்டியல். உங்க குரூப்ல அப்படி ஆள் இருந்தாலும் நான் வேணாம்னுதான் சொல்லுவேன், ஏன்னா அந்த ஆள் நாள் முழுக்க வேலை பாப்பாரு, மத்தவங்க ஜாலியா இருப்பாங்க. கேப்டனோட எடுங்க. நான் எடுத்ததுலேயே சிறந்த நாள் ஒரு பழைய, பெயிண்ட் உரிஞ்ச படகுலதான், கேப்டன் அவ்ளோ நல்ல ஆளு, எந்த வளைவுல காத்து மறையும், எந்த மணிக்கு கூட்டம் வரும்னு கைரேகை மாதிரி தெரிஞ்சு வச்சிருந்தாரு. ரொம்ப மோசமான நாள் புத்தம்புது படகுல. ரிவ்யூ படிக்கும்போது படகு போட்டோவ விட்டுட்டு கேப்டன பத்தி என்ன எழுதியிருக்காங்கன்னு பாருங்க.

வாடகைல என்னென்ன அடங்கும்?

இங்கதான் நான் ஏமாந்தேன். விளம்பரத்துல போட்டிருந்த தொகை படகுக்கு மட்டும். சாயங்காலம் கரைக்கு வந்தப்புறம் எரிபொருள் தனி, கேப்டன் தனி, கழுவுற கூலி தனி, நாங்க நின்ன மெரினாவுக்கு (படகு நிறுத்தற துறை) கட்டணம் தனின்னு ஒரு சீட்டு நீட்டினாங்க, போட்டிருந்த வாடகைக்கு மேல கிட்டத்தட்ட பாதி. சண்டை போடலாம்னா எங்ககிட்ட எழுத்துல எதுவும் இல்ல, போன்ல பேசினதுதான்.

அதனால முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி மெசேஜ்லயாவது இதெல்லாம் வாங்கி வச்சுக்கங்க. எரிபொருள் சேர்த்தா சேர்க்காமலா, சேர்த்தா எத்தனை மணி நேர ஓட்டத்துக்கு? கேப்டனும் உதவியாளும் உள்ள அடக்கமா? வரி? இன்ஷூரன்ஸ் பயணிகளுக்கும் இருக்கா இல்ல படகுக்கு மட்டுமா? ஸ்நார்க்கல், பேடில் போர்டு, சின்ன டிங்கி படகு இதெல்லாம் சும்மாவா வாடகையா? 8 மணி நேரம்னா கட்டு அவிழ்த்ததுல இருந்து திரும்ப கட்டுற வரைக்குமா, இல்ல ஏறுற நேரத்துல இருந்தா? லேட்டானா மணிக்கு எவ்ளோ? படகோட பேரையே குறிப்பிட்டு எழுதி வாங்குங்க, "அதே மாதிரி வேற படகு" தரலாம்னு ஒரு வரி ஒளிஞ்சிருக்கும், அந்த வேற படகு எப்பவும் கொஞ்சம் சின்னதாத்தான் வரும்.

பெரிய யாட்டுகள்ல இன்னொரு முறை இருக்கு, ஏபிஏன்னு சொல்லுவாங்க. செலவுக்குன்னு வாடகைல ஒரு சதவீதத்த முன்கூட்டியே வாங்கி வச்சுக்கிட்டு கடைசில கணக்கு காட்டி மீதி தருவாங்க. அது ஏமாத்து இல்ல, பில்லு கேட்டு வாங்கினா போதும்.

டெபாசிட் திரும்ப வருமா?

வரும், ஆனா ஏறின உடனே போன்ல ஒரு வீடியோ எடுத்துடுங்க. இருக்கிற கீறல், கிழிஞ்ச குஷன், உடைஞ்ச கைப்பிடி எல்லாம். கேப்டன கூட வச்சுக்கிட்டே எடுங்க, தப்பா நினைக்க மாட்டாங்க.

ஒரு நாள்ல எவ்ளோ தூரம் போயிட்டு வரலாம்?

மேப்ப பார்த்து ஆசைப்படாதீங்க. கடல்ல வேகம் நாட்லதான், 1 நாட்னா மணிக்கு 1.852 கிலோமீட்டர். பாய்மரப் படகு சாதாரணமா 5, 6 நாட் போகும், அதாவது மணிக்கு 9ல இருந்து 11 கிலோமீட்டர், சைக்கிள்காரன் உங்கள முந்திடுவான். பெரிய எஞ்சின் வச்சா வேகமா போகாதான்னு ஒருத்தர் கேட்டாரு. தண்ணிய கிழிச்சிட்டு போற படகுக்கு அதோட நீளமே ஒரு வரம்பு, நீர்மட்டத்துல 36 அடி நீளம்னா சுமாரா 8 நாட்தான், அதுக்கு மேல தானே எழுப்பின அலை மேல தானே ஏற முடியாம திணறும். மோட்டார் யாட்டு தண்ணிக்கு மேல எழும்பி சறுக்குற மாதிரி கட்டினது, அதனால 20 நாட் தாண்டும், அந்த வேகத்துக்கு எரிபொருளும் அதே மாதிரி போகும்.

8 மணி நேர வாடகைல போக ரெண்டு மணி, வர ரெண்டு மணின்னா பாய்மரத்துல 20 கிலோமீட்டர் சுத்துவட்டம்தான், நாள்ல பாதி அதுலயே போயிடும். என் அனுபவத்துல ஜனங்க ஞாபகம் வச்சிருக்கறது நின்ன இடத்தத்தான். ஒரு மணி நேரத்துக்குள்ள ஒரு நல்ல வளைகுடா, அங்க மூணு மணி நேரம் குளிச்சு சாப்பிட்டு தூங்கி, திரும்பும்போது பாய விரிச்சிட்டு மெதுவா வந்தா போதும். ஒரே நாள்ல நாலு இடம்னு பேக்கேஜ் போட்டா நாள் முழுக்க நங்கூரம் போட்டு எடுக்கற சத்தம்தான் கேட்டுட்டு இருப்பீங்க.

எத்தனை மணிக்கு கிளம்பறது நல்லது?

காலைல, முடிஞ்சவரைக்கும் சீக்கிரம். வெயில் ஏற ஏற தரை சீக்கிரம் சூடாகும், கடல் மெதுவாத்தான் சூடாகும், தரை மேல உள்ள காத்து மேல போக கடல்ல இருந்து காத்து உள்ள வரும், அதனால மத்தியானத்துக்கு மேல பொதுவா அலை கூடும். குளிக்கற வேலைய காலைல முடிச்சிட்டு பாய் விரிக்கிறத மத்தியானத்துக்கு வச்சுக்கங்க.

அன்னைக்கு வானிலை சரியில்லன்னா காசு போயிடுமா?

எழுதி வாங்கினத பொறுத்தது. நல்ல ஆளுங்க கேப்டனே கேன்சல் பண்ணா வேற தேதி இல்லன்னா முழு காசுன்னு தருவாங்க. நீங்களா பயந்து கேன்சல் பண்ணா அது உங்க கணக்கு. மழை மட்டும்னா பல பேர் கேன்சல் பண்ண மாட்டாங்க, காத்துக்குத்தான் பண்ணுவாங்க.

காத்த பியூஃபோர்ட் அளவுல சொல்லுவாங்க, 1805ல ஒரு பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி போட்டது. 3, 4 நம்ம மாதிரி ஆளுங்களுக்கு ஓகே, 4னா 11ல இருந்து 16 நாட், அலை தலையில வெள்ளை நுரை அடிக்கடி தெரியும். 5 வந்தா பழக்கம் இல்லாதவங்க முகம் மாறும், 6னா வீட்ல இருங்க. அலை உயரம் மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க, ரெண்டு அலைக்கு நடுவுல எத்தனை செகண்டுன்னு பாருங்க. 10 செகண்டுக்கு ஒருக்கா வர்ற ஒன்றரை மீட்டர் அலை தொட்டில் மாதிரி தூக்கி இறக்கும், 4 செகண்டுக்கு ஒரு மீட்டர் வந்தா குடலே வெளிய வந்துடும். அப்புறம் ஃபோர்காஸ்ட்ல போடுற உயரம் மொத்த அலைங்கள்ல பெருசா இருக்கிற மூணுல ஒரு பங்கோட சராசரி, அதுல ரெண்டு மடங்கு வரைக்கும் ஒத்தை அலை வரலாம்.

கேப்டன் போகலன்னு சொல்லிட்டா கெஞ்சாதீங்க. வர்றவங்கள ஏத்தினாத்தான் அவருக்கு வருமானம், அதையும் விட்டுட்டு வேணாம்ங்கிறாருன்னா காரணம் இருக்கும்.

எனக்கு பஸ்லயே வாந்தி வரும், என்ன பண்றது?

காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு ஆடுறோம்னு சொல்லுது, கேபின் சுவர பாத்துட்டு இருக்கிற கண்ணு ஆடலன்னு சொல்லுது, மூளை குழம்பிப்போய் வயித்து மேல பழி போடுது. அதனால உள்ள போய் படுத்தா சரியாகும்னு போகாதீங்க, அங்கதான் அதிகமாகும். வெளிய வாங்க, படகு நடுவுல இல்லன்னா பின்னால உக்காருங்க, முன்னாடி அணியத்துலதான் ஆட்டம் ஜாஸ்தி. தொடுவானத்த பாருங்க, போன பாக்காதீங்க. மாத்திரை போடறதா இருந்தா ஏறுறதுக்கு அரை மணில இருந்து ஒரு மணி முன்னாடி போடணும், குமட்டல் ஆரம்பிச்சப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல, அதுவே வெளிய வந்துடும். அதுல பலதும் தூக்கம் வரவைக்கும், வேற மருந்து சாப்பிடறவங்க டாக்டர கேட்டுக்கங்க. வெறும் வயித்தோடயும் வராதீங்க, மூக்கு முட்ட தின்னுட்டும் வராதீங்க.

வந்தே தீரும்னா பக்கெட்ல எடுங்க. இல்லன்னா காத்து எந்தப் பக்கமா போகுதோ அந்தப் பக்கம், யாராவது சட்டைய பிடிச்சிருக்க. எதிர்ப்பக்கம் எடுத்த ஒருத்தர எனக்கு தெரியும், அவரு பின்னாடி நின்னது நான்.

நீச்சல் தெரியாது, வரலாமா?

தாராளமா. எங்க குரூப்ல பாதி பேருக்கு தெரியாது. லைஃப் ஜாக்கெட் கேளுங்க, அளவு பாத்து போடுங்க, பக்கிள் எல்லாம் மாட்டுங்க. அதுலயே வகை இருக்கு, 150 நியூட்டன்னு போட்டது மயங்கினாலும் முகத்த மேல திருப்பற மாதிரி செஞ்சது, 50ன்னு போட்டது நீச்சல் தெரிஞ்சவங்களுக்கான துணை மட்டும்தான். குழந்தைங்களுக்கு அவங்க எடைக்கு ஏத்தது, கால் இடுக்குல போற பட்டையோட, இல்லன்னா தண்ணில விழுந்ததும் ஜாக்கெட் மட்டும் மேல வரும். உங்களுக்கு பையன் இருக்கான்னா வயசும் எடையும் முன்னாடியே சொல்லிடுங்க, அங்க போய் பெரியவங்க ஜாக்கெட்ட சுத்தி கட்டுற கதை வேணாம்.

தண்ணில இறங்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். எஞ்சின் அணைஞ்சிருக்கான்னு கேப்டன் வாயால சொல்லாம குதிக்காதீங்க, ப்ரொபெல்லர் கண்ணுக்கு தெரியாது. எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும்போது பின்னால இருக்கிற குளிக்கற தளத்துல உக்காந்து கால் ஆட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடு அங்கதான் தேங்கும், வாசனையும் கிடையாது நிறமும் கிடையாது. நீரோட்டம் இருந்தா பின்னாடி மிதக்குற கயிறு ஒண்ணு விடச்சொல்லுங்க. ஆழம் தெரியாம காலை விடாதேன்னு சும்மாவா சொன்னாங்க, டைவ் அடிக்கறதும் கேட்டுட்டுத்தான்.

யாராவது தவறி விழுந்துட்டா?

சத்தம் போடுங்க. ஒருத்தர் அவங்களையே கை நீட்டி காட்டிட்டே நிக்கணும், கண்ண எடுக்கக்கூடாது, அலைக்கு நடுவுல தலை தேங்காய் சைஸ்தான் தெரியும். மிதவை தூக்கி போடுங்க. வீரமா பின்னாடியே குதிக்காதீங்க, அப்புறம் ரெண்டு பேர தேடணும். ரேடியோ எங்க இருக்குன்னும் ஏறின உடனே கேட்டு வச்சுக்கங்க, அவசரத்துக்கு விஹெச்எஃப் சேனல் 16.

வயசானவங்க, கர்ப்பமா இருக்கறவங்க?

வேகமான மோட்டார் படகு வேணாம், அந்த தட்டல் முதுகுக்கு ஆகாது. முட்டி வலி இருக்கிறவங்களுக்கு ஏறுற பலகை எப்படி இருக்கும், உள்ள எத்தனை படின்னு போட்டோ அனுப்பச் சொல்லுங்க. கர்ப்பமா இருக்கறவங்க டாக்டர் சொல்றதத்தான் கேக்கணும், நான் சொல்றத இல்ல.

என்ன எடுத்துட்டு வரணும்?

தொப்பி (கயிறு வச்சது), மாத்துத்துணி, மெல்லிசா ஒரு ஜாக்கெட், தண்ணி, சன்ஸ்க்ரீன். காத்துல சூடே தெரியாது, சாயங்காலம் கண்ணாடி பாத்தாத்தான் தெரியும். பவளப்பாறை இருக்கிற பக்கம் போனா ஆக்ஸிபென்ஸோன்ங்கிற ரசாயனம் இல்லாத சன்ஸ்க்ரீன் வாங்குங்க, பலாவ், ஹவாய் மாதிரி இடங்கள்ல அது கலந்தத தடையே பண்ணிட்டாங்க. போனுக்கு வாட்டர்ப்ரூஃப் பவுச். பெட்டி வேணாம், மடிக்கிற பை.

செருப்பு ஷூ எல்லாம் ஏறுற இடத்துலயே ஒரு கூடைல போடச் சொல்லுவாங்க. தேக்கு தளம், ஒரு ஹீல்ஸ் குத்தினா குழி விழும், ஷூல ஒட்டின சின்ன கல்லு போதும் கீறல் போட. வெறுங்கால், இல்லன்னா கறை விடாத மெத்து சோல். ஸ்ப்ரே சன்ஸ்க்ரீனும் அடர் நிற ஜூஸும் கேப்டனுக்கு ரத்தக்கொதிப்பு ஏத்தும்.

டாய்லெட் இருக்கா?

இருக்கு, ஆனா வீட்டு டாய்லெட் இல்ல. குழாய் ரொம்ப சின்னது. நீங்க சாப்பிட்டு செரிச்சது மட்டும்தான் அதுக்குள்ள போகணும்னு கேப்டனுங்க சொல்லுவாங்க, பேப்பர் கூட பக்கத்து டப்பாலதான். எங்க கூட வந்த யாரோ ஒரு ஈரத் துடைப்பான உள்ள போட்டு பம்ப் அடிச்சிட்டாங்க. நடு வெயில்ல, நங்கூரம் போட்ட படகுல, அந்த கேப்டன் முழங்கை வரைக்கும் கையுறை மாட்டிக்கிட்டு பம்ப கழட்டினாரு. 45 நிமிஷம். யாரும் சாப்பாட்டு டப்பாவ திறக்கல. போட்டது யாருன்னு இன்னும் ஒத்துக்கல. குப்பையும் கடல்ல வேணாம், பிளாஸ்டிக்க கடல்ல எங்கயுமே போடக்கூடாதுன்னு மார்போல்ங்கிற கடல் மாசு தடுப்பு ஒப்பந்தம் சொல்லுது.

தண்ணி அடிக்கலாமா?

படகுக்கு படகு ரூல் வேற. விட்டாலும் குளிச்சு முடிச்சு, நங்கூரம் எடுத்தப்புறம்னு வச்சுக்கங்க. நிதானம் இல்லன்னா கேப்டன் திருப்பிக் கொண்டு வந்து இறக்கிடுவாரு, காசும் வராது.

கட்டுறப்போ நாங்களும் உதவி பண்ணலாமா?

உக்காந்திருக்கிறதுதான் உதவி. படகு பல டன், மெதுவா வர்ற மாதிரி தெரியும், கைய நீட்டி தடுத்துடலாம்னு தோணும். படகுக்கும் கரைக்கும் நடுவுல கையோ காலோ எப்பவும் போகக்கூடாது, அதுக்குத்தான் ரப்பர் ஃபெண்டர் தொங்குது.

வீட்டுக்கு வந்தப்புறமும் தரை ஆடுதே, எனக்கு மட்டுமா?

இல்ல, நிறைய பேருக்கு அப்படித்தான். நாள் முழுக்க ஆட்டத்துக்கு பழகின மூளை உடனே நிக்க மாட்டேங்குது. பெரும்பாலும் தூங்கி எழுந்தா போயிடும், சிலருக்கு ரெண்டு நாள் இழுக்கும், அதுக்கும் மேலன்னா டாக்டர பாருங்க. அன்னைக்கு ராத்திரி குளிக்கும்போது மட்டும் தலைக்கு சோப்பு போட்டுட்டு கண்ண மூடிக்கிட்டு நிக்காதீங்க, சுவத்துல ஒரு கைய வச்சுக்கங்க.